ஒரே ஒரு தேடுபொறிதான் என்றால், 1990களில் எது?

1996ல் நெட்ஸ்கேப் பிரவுசரில் 'நெட் சர்ச்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எதில் தேடப் போகிறீர்கள் என்று கேட்கும் ஒரு பக்கம் வரும். யாஹூ, லைகோஸ், எக்ஸைட், இன்ஃபோசீக், மெகல்லன் என்ற ஐந்து நிறுவனங்கள் அந்தப் பக்கத்தில் முன்னிடம் பிடிக்க ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் கொடுத்தன. இன்றைக்குத் தேடுவது என்றாலே பெரும்பாலோருக்கு ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கு, தேடத் தொடங்கும் முன்பே எங்கே தேடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். மோடம் வழியாக ஒரு பக்கம் திறந்து முடிவதற்குள் பொறுமை போய்விடும் காலம். தவறான இடத்தில் தேடினால் ஒரு மாலைப் பொழுதே வீணாகும்.

அந்த முடிவை நான் அப்போது பலமுறை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதை நிதானமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தத் தேடுபொறிகள் எல்லாம் ஒரே வேலையைக் கூடவோ குறையவோ செய்தவை அல்ல. 'தேடுவது என்றால் என்ன' என்பதிலேயே ஒவ்வொன்றும் வேறு வேறு கருத்து வைத்திருந்தது. அதனால்தான் ஒப்பிட இவ்வளவு விஷயம் இருக்கிறது.

முதலில் பலரும் பேசிய அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்: அளவு. யாரிடம் அதிகப் பக்கங்கள் இருக்கின்றன? ஸ்டீவ் லாரன்ஸ், லீ கைல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் இதை அளந்து வெளியிட்டார்கள். அப்போது இணையத்தில் குறைந்தது 32 கோடிப் பக்கங்கள் இருந்தன. அதில் ஹாட்பாட் 34 சதவீதம், ஆல்டாவிஸ்டா 28, நார்தர்ன் லைட் 20, எக்ஸைட் 14, இன்ஃபோசீக் 10, லைகோஸ் வெறும் 3. மறு ஆண்டு நேச்சர் இதழில் அவர்களே மீண்டும் எழுதியபோது இணையம் 80 கோடிப் பக்கங்களாக வளர்ந்திருந்தது. முதலிடத்தில் இருந்த நார்தர்ன் லைட்டிடமே 16 சதவீதம்தான் இருந்தது. ஆக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் இணையத்தின் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படாது.

ஆனாலும் அளவை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். தேடப் போகும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சரியான சொற்கள் இருக்கின்றனவா, ஒரு தலைப்பு மட்டும் இருக்கிறதா, அதுவும் இல்லாமல் வெறும் சந்தேகமா? இதைப் பார்க்க நான்கு தேடல்களை எடுத்துக்கொள்கிறேன். 1997ல் வெறுங்கண்ணுக்கே தெரிந்த ஹேல்-பாப் வால்நட்சத்திரம் பற்றி நல்ல தளங்கள் வேண்டும். பாதி மட்டும் நினைவிருக்கும் ஒரு கவிதை வரியை யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். கணினித் திரையில் வந்த ஒரு பிழைச் செய்திக்குத் தீர்வு வேண்டும். கடைசியாக, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்கிறது.

ஆல்டாவிஸ்டா வருவதற்கு முன் என்றால், அதாவது 1994, 1995 என்றால், தேர்வு சுலபம். பிரையன் பிங்கர்டன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுதி 1994 ஏப்ரலில் வெளியிட்ட வெப்கிராலர், ஒரு பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் அட்டவணையில் ஏற்றியது. அதற்கு முன் வந்த ஜம்ப்ஸ்டேஷன் போன்றவை தலைப்புகளை மட்டுமே ஏற்றின. தொடங்கியபோது வெப்கிராலரிடம் நாலாயிரம் சொச்சம் தளங்களின் பக்கங்கள் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 14ல் பத்து லட்சமாவது தேடலுக்குப் பதில் சொல்லிவிட்டது. லைகோஸ் 1994 ஜூலையில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்டின் உருவாக்கியது. ஓடி வேட்டையாடும் ஒரு சிலந்தி இனத்தின் பெயர் அதற்கு. லைகோஸ் வேகமாகப் பெரிதானது, ஆனால் பக்கத்தை முழுதாக எடுக்கவில்லை. தலைப்பு, முக்கியமான நூறு சொற்கள், முதல் இருபது வரிகள் என்று சுருக்கி வைத்துக்கொண்டது. தலைப்பை வைத்துத் தேடுகிறவருக்கு அது போதும். கவிதை வரி பக்கத்தின் நடுவில் இருந்தால் லைகோஸுக்கு அது தெரியவே தெரியாது. அந்த இரண்டு ஆண்டுகளில் தேடுவதற்கு வெப்கிராலரையும் சுற்றிப் பார்க்க யாஹூவையும் வைத்துக்கொள்ளலாம்.

யாஹூவைத் தேடுபொறி என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அது ஒரு டைரக்டரி. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் 1994 தொடக்கத்தில் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். 1995 மார்ச்சில் அது நிறுவனமானது. ஒவ்வொரு தளத்தையும் மனிதர்கள் திறந்து பார்த்து, எந்தப் பிரிவில் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பிரிவுகளின் அமைப்பைக் கவனித்துக்கொண்டவர் ஆரம்பத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்த ஸ்ரீனிஜா ஸ்ரீனிவாசன். கலை, வணிகம், கல்வி, அறிவியல் என்று மேலே 14 பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் கிளைகள், கிளைக்குள் கிளைகள். ஒரு பிரிவு வேறொரு மரத்திலும் பொருந்தும் என்றால் பெயருக்குப் பின்னால் @ குறி இருக்கும். அவர்கள் ரொம்பவும் ரசித்த தளங்களுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கறுப்புக் கண்ணாடிப் படம் இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு அப்போது நல்ல மதிப்பு. முன்பின் தெரியாத ஒருவர் 'இதைப் பார், நன்றாக இருக்கிறது' என்று சொல்வது போல அது இருந்தது.

ஹேல்-பாப் தேடலை யாஹூவில் போட்டால் அதன் அருமை புரியும். அறிவியலில் இருந்து வானியல், அங்கிருந்து வால்நட்சத்திரங்கள் என்று இறங்குவோம். அந்த வால்நட்சத்திரத்துக்கான தளங்கள் அங்கே ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். குப்பை இல்லை. அதோடு, நாம் தேடாத பக்கத்துப் பிரிவுகளும் கண்ணில் படும். வால்நட்சத்திரம் தேடப் போய், தொலைநோக்கி செய்வது எப்படி என்று படித்துவிட்டு வரலாம். தலைப்பு மட்டும் கையில் இருந்து, அதில் எதைக் கேட்பது என்றே தெரியாதவருக்கு அந்தக் காலத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை.

கவிதை வரிக்கு யாஹூ உதவாது. அது தளங்களைத்தான் பட்டியலிட்டது, பக்கங்களை அல்ல. உங்கள் சொல் டைரக்டரியில் இல்லை என்றால் வேறொரு தேடுபொறியிடம் அனுப்பிவிடும். அந்த வேறொன்று முதலில் ஓப்பன் டெக்ஸ்ட், 1996ல் ஆல்டாவிஸ்டா, 1998ல் இன்க்டோமி, 2000ல் கூகுள். அப்புறம், மனிதர் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பதால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு சிறிய தளத்தை அந்தக் காலத்தில் ஒரு டைரக்டரிக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். கடைசி வரை பதில் வரவில்லை. இணையம் வளரும் வேகத்துக்கு மனிதக் கைகள் போதாது என்பது அப்போதே தெரிந்தது. 1998ல் தொடங்கிய ஓப்பன் டைரக்டரி இதற்குத் தன்னார்வலர்களைக் கொண்டு விடை காண முயன்றது. நல்ல முயற்சி, 2017 வரை தாக்குப்பிடித்தது.

ஆல்டாவிஸ்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகங்களில் அது பிறந்தது. பால் ஃப்ளாஹர்ட்டிக்கு யோசனை வந்தது. பக்கங்களைச் சேகரிக்கும் நிரலை லூயி மோனியே எழுதினார். அட்டவணை போடும் நிரலை மைக் பர்ரோஸ் எழுதினார். டிஜிட்டலுக்கு இருந்த நோக்கம் வேறு: தங்கள் ஆல்ஃபா சர்வர்களின் 64 பிட் வலிமையை உலகுக்குக் காட்ட வேண்டும். 1995 டிசம்பர் 15ல் திறந்தபோது சுமார் 1 கோடியே 60 லட்சம் பக்கங்கள் அதில் இருந்தன, அதுவும் ஒரு சொல் விடாமல். முதல் நாள் 3 லட்சம் வருகைகள். ஒன்பது மாதத்தில் அது நாளொன்றுக்கு 1 கோடியே 90 லட்சமானது.

என்னை அதில் கட்டிப்போட்டது வேகமோ அளவோ இல்லை. கேட்கும் மொழி. சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வரிசையில் தேடும். கட்டாயம் வேண்டிய சொல்லுக்கு முன் கூட்டல் குறி, வேண்டாததற்கு முன் கழித்தல் குறி. சொல்லின் முடிவு தெரியாவிட்டால் ஒரு நட்சத்திரக் குறி. சிறிய எழுத்தில் அடித்தால் எல்லா வடிவங்களையும் காட்டும். பெரிய எழுத்து கலந்தால் அப்படியே உள்ளதை மட்டும். ஆங்கிலத்தில் துருக்கிக்கும் வான்கோழிக்கும் ஒரே சொல்தான். முதலெழுத்தைப் பெரிதாக்கினால் நாடு முன்னுக்கு வந்து பறவை விலகிப் போகும். அட்வான்ஸ்டு தேடலில் 'நியர்' என்று ஒரு சொல் உண்டு. இரண்டு சொற்கள் பத்துச் சொல் தூரத்துக்குள் இருந்தால் மட்டும் காட்டு என்று அர்த்தம். பாதி மறந்த கவிதை வரிக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் நினைவிருந்தால் போதும். நடுவில் என்ன வந்தாலும் கவலை இல்லை.

தளத்தின் பெயருக்குள், தலைப்புக்குள், முகவரிக்குள் தனித்தனியாகவும் தேடலாம். 'லிங்க்' என்று போட்டு ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்துக்கு யாரெல்லாம் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டும். இந்த வசதி பின்னால் முக்கியமாகப் போகிறது.

குறை இல்லாமல் இல்லை. குறிகள் எதுவும் போடாமல் மூன்று சொற்களை அடித்தால், மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும் பக்கங்கள் எல்லாம் லட்சக்கணக்கில் வந்து விழும். அட்வான்ஸ்டு பக்கத்தில் முடிவுகளை எந்தச் சொல்லை வைத்து வரிசைப்படுத்துவது என்று தனிப் பெட்டியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையே கிடையாது. அதாவது ஆல்டாவிஸ்டா கேட்கத் தெரிந்தவருக்குக் கொடுத்தது, தெரியாதவரைத் திணறடித்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதன் உதவிப் பக்கத்தைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் ஆல்டாவிஸ்டா இரண்டு வெவ்வேறு தேடுபொறிகள் போலவே இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது ஹாட்பாட். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரும் பால் காத்தியேயும் உருவாக்கிய இன்க்டோமி தொழில்நுட்பத்தை வைத்து, வயர்டு பத்திரிகைக்காரர்கள் 1996 மே மாதம் அதைத் தொடங்கினார்கள். டிஜிட்டல் பெரிய சர்வர்களை நம்பியது என்றால், இன்க்டோமி சாதாரணக் கணினிகள் பலவற்றை வலையாகக் கட்டி அதே வேலையை வாங்கியது. பயன்படுத்துகிறவருக்கு முக்கியமானது அதன் மெனுக்கள். 'எல்லாச் சொற்களும்', 'ஏதாவது ஒரு சொல்', 'இதே சொற்றொடர்', 'இந்த ஆள்' என்று பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கலாம். தேதியைக் குறுக்கலாம். படமோ வீடியோவோ உள்ள பக்கங்களை மட்டும் கேட்கலாம். கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் குறிகளை மனப்பாடம் செய்ய விரும்பாத ஒருவர் 1997ல் என்னிடம் யோசனை கேட்டிருந்தால் தயங்காமல் ஹாட்பாட்டைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குக் கிடைத்த பேர், அது செய்த வேலைக்குக் குறைவு.

மற்றவற்றை வேகமாகவே கடந்துவிடலாம். எக்ஸைட், சொற்களைத் தாண்டிக் கருத்தைத் தேடுவதாகச் சொன்னது. ஒரு முடிவைக் காட்டி 'இது போல இன்னும் கொடு' என்று கேட்கும் வசதி நன்றாகவே இருந்தது. இன்ஃபோசீக்கில் வந்த முடிவுகளுக்கு உள்ளேயே மறுபடி தேடலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும். நார்தர்ன் லைட் முடிவுகளைத் தலைப்புவாரியாக நீலக் கோப்புறைகளில் பிரித்துக் கொடுத்தது. பத்திரிகைக் கட்டுரைகளையும் கூடவே தேடித் தரும், ஆனால் அவற்றைப் படிக்கக் காசு. ஆராய்ச்சி வேலை செய்கிறவர்கள் அதை விரும்பியதில் நியாயம் இருக்கிறது.

வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு 1997ல் வந்த ஆஸ்க் ஜீவ்ஸ்தான் சரியான இடம். கேள்வியை முழு வாக்கியமாகவே கேட்கலாம். ஆசிரியர் குழு ஒன்று முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விகளில் நெருக்கமானதை அது எடுத்துக் காட்டும். பலர் கேட்கும் கேள்வி என்றால் விடை நேராக வரும். யாரும் கேட்காத கேள்வி என்றால், மற்றத் தேடுபொறிகளின் முடிவுகளைக் காட்டிக் கையை விரித்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம், முதலாவதாக வேண்டாம்.

பிழைச் செய்திக்கு இவை எதுவுமே முதல் இடம் இல்லை. யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் நடந்த உரையாடல்களைச் சேர்த்துவைத்துத் தேடக் கொடுத்த டெஜா நியூஸ்தான் அதற்கு. திரையில் வந்த வாசகத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையில் அதே பிழையோடு போராடிய ஒருவரும், அவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன இன்னொருவரும் கிடைப்பார்கள். அந்தக் கிடங்கை 2001ல் கூகுள் வாங்கியது.

பல தேடுபொறிகளில் ஒரே நேரத்தில் தேடிக் கொடுக்கும் மெட்டாகிராலர், டாக்பைல் போன்றவை இருக்கும்போது எதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அப்போதே கேட்டார்கள். லாரன்ஸும் கைல்ஸும் கொடுத்த சதவீதங்களைப் பார்த்தால் கேள்வி நியாயமானது. ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். ஆனால் பல இடங்களுக்கு ஒரே கேள்வியை அனுப்ப வேண்டும் என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான எளிய கேள்வியைத்தான் அனுப்ப முடியும். 'நியர்' அங்கே போகாது. அரிய பெயர் ஒன்றைத் தேடும்போது மட்டும் நான் அவற்றிடம் போவேன்.

1998 வாக்கில் எல்லாத் தேடுபொறிகளுக்கும் ஒரே நோய் வந்தது. ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்தே அவை பெரும்பாலும் வரிசைப்படுத்தின. அது தெரிந்தவர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள். சம்பந்தமே இல்லாத பக்கங்கள் முதலில் வர ஆரம்பித்தன. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பும் வரை இதற்கு மருந்து இல்லை.

மருந்து, மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் இருந்தது. யார் யாருக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பது ஆல்டாவிஸ்டாவின் கையிலேயே இருந்தது. 'லிங்க்' தேடல் அதைத்தானே காட்டியது! அந்தத் தகவலைக் கேட்டால் கொடுத்தார்கள். வரிசைப்படுத்த அதை மையமாக வைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. 1996லேயே ராபின் லீ, ராங்க்டெக்ஸ் என்ற பெயரில் இணைப்புகளைக் கொண்டு வரிசைப்படுத்திக் காட்டினார். பின்னாளில் சீனத் தேடுபொறியான பைடுவைத் தொடங்கியவர் அவர்தான். லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இன்னும் ஒரு படி போனார்கள். எத்தனை பேர் இணைப்புக் கொடுத்தார்கள் என்பதோடு, கொடுத்தவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். 1998ல் அவர்கள் கட்டுரை வெளியானபோது கூகுளிடம் இருந்தது 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள்தான். ஹாட்பாட்டுக்கும் ஆல்டாவிஸ்டாவுக்கும் முன்னால் அது சிறுபிள்ளை.

அந்தச் சிறுபிள்ளையிடம் ஹேல்-பாப் என்று கேட்டால், வானியல் தெரிந்தவர்கள் மதிக்கும் தளங்கள் மேலே வரும். யாஹூவில் மனிதர்கள் செய்த வேலை இங்கே இணைப்புகள் வழியாக நடந்தது. குறி எதுவும் போடாமலே, எல்லாச் சொற்களும் உள்ள பக்கங்களை மட்டும் காட்டியது. உங்கள் சொல் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று முடிவுக்குக் கீழேயே தெரிந்தது. தளம் திறக்காவிட்டால் சேமித்துவைத்த பிரதி இருந்தது. பக்கமும் வெறுமையாக, சட்டென்று திறக்கும். அதே சமயத்தில் ஆல்டாவிஸ்டா எதிர்த்திசையில் போனது. 1998ல் காம்பேக் நிறுவனத்தின் கைக்குப் போய், 1999ல் சிஎம்ஜிஐ நிறுவனத்தின் கைக்கு மாறி, செய்தி, கடை, மின்னஞ்சல் எல்லாம் நிரம்பிய போர்ட்டலாக ஆனது. எக்ஸைட்டும் லைகோஸும் ஏற்கெனவே அந்த வழியில் போயிருந்தன. தேட வந்தவரைத் தங்கள் தளத்திலேயே நிறுத்திவைப்பது அவர்களுக்கு லாபம். தேட வந்தவருக்கோ விடையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் லாபம்.

ஆகவே என் முடிவு தேதியைப் பொறுத்தது. 1996ல் இருந்து 1999 நடுப்பகுதி வரை ஒன்றே ஒன்று என்றால் ஆல்டாவிஸ்டா. கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ள மனம் இல்லாதவர் என்றால் ஹாட்பாட். இரண்டு வைத்துக்கொள்ள முடிந்தால் பக்கத்தில் யாஹூ. 1999 நடுவில் இருந்து முகப்புப் பக்கத்தைக் கூகுளுக்கு மாற்றிவிடலாம். நான் அப்போதுதான் மாற்றினேன்.

ஆனால் ஆல்டாவிஸ்டாவை புக்மார்க்கில் இருந்து எடுக்காதீர்கள் என்றும் அப்போது சொல்லியிருப்பேன். ஆரம்பகாலக் கூகுளில் 'இதுவோ அதுவோ' என்று கேட்க வழி இல்லை, 'நியர்' இல்லை, சொல்லைப் பாதியில் விட்டு நட்சத்திரம் போட முடியாது. மிகச் சாதாரணமான சிறு சொற்களை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சில கவிதை வரிகள் முழுக்க முழுக்க அப்படிப்பட்ட சிறு சொற்களால்தான் ஆனவை. அவற்றைத் தேடும்போது 2000த்திலும் நான் ஆல்டாவிஸ்டாவுக்குத்தான் திரும்பிப் போனேன். கைமாறிக் கைமாறிக் கடைசியில் யாஹூவிடம் சேர்ந்த அதை 2013 ஜூலை 8ல் மூடினார்கள்.